தேவைக்கான காரணம்

மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு, "நிதானமா பாருங்க சார், ஒண்ணும் அவசரமில்ல" என்றார் ஹபீப் பாய். அவருக்கென்ன. வெள்ளிக்கிழமை, மணி பதினொன்று பத்து, துப்பாக்கிக் கடையில் என்னைத் தவிர ஆளில்லை, தொழுகைக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு மணி வரைதான். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அது கழிந்ததும் என் மனைவி பூங்கோதை எங்கள் போலீஸ் பட்டாலியன் ஆபீசுக்குள் போய் ஒரு காகிதத்தைக் கொடுக்கப் போகிறாள். பார்வை மங்கி வருவதால் துப்பாக்கி டீமிலிருந்தும் ஆயுதப் பணியிலிருந்தும் விடுவிக்க வேண்டுகிறேன் என்று, கோடு போடாத தாளில் கோடு போட்டது மாதிரி, அவளே எழுதிய காகிதம். ஆடி மாதத்தில் எதற்கு, நல்ல காரியம் ஆகாதே என்று சொல்லிப் பார்த்தேன். "இது என்ன நல்ல காரியமா?" என்றாள். அதற்குமேல் என்ன சொல்வது. சொல்ல இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அவள் பார்வை மங்கவில்லை, அது எனக்குத் தெரியும், உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த வாக்கியத்தை நாலு மாதமாக வாய்க்குள் வைத்துக்கொண்டு இட்லி சாப்பிடுகிறேன், பல் தேய்க்கிறேன், இன்றைக்கு ரயிலேறி வந்து கடையில் உட்கார்ந்து இரும்புச் சாமான் பார்க்கிறேன். நான் ஆர்மரர். பட்டாலியன் துப்பாக்கிகளுக்கு வைத்தியன் என்று வைத்துக்கொள்ளலாம். துடைப்பது, பழுது பார்ப்பது, குறி சரியாக விழுகிறதா என்று சுட்டுப் பார்த்து முன்னால் இருக்கும் கம்பியைத் திருத்துவது எல்லாம் இருபத்திரண்டு வருடமாக நான்தான். இப்போதுதான் மேலிடத்துக்கு ஞானோதயம் வந்திருக்கிறது. சுட்டுப் பார்க்கும்போது துப்பாக்கியைத் தாங்க ஒரு ரெஸ்ட், துடைக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு வைஸ், போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கிறார்கள். படிவம் சட்டைப்பையில் இருக்கிறது. எண்ணிக்கை, அளவு எல்லாம் எழுதியாகிவிட்டது. 'தேவைக்கான காரணம்' என்ற கட்டம் மட்டும் காலையிலிருந்து காலி.

முதல் ரெஸ்ட், மூன்று கால் இரும்பு. உச்சியில் ஒரு தோல் பை, அதில்தான் துப்பாக்கியின் முன்கட்டை உட்காரும். நடுவில் திருகு, திருகினால் ஏறும் இறங்கும். பின்பக்கத்துக்குத் தனியாக ஒரு குட்டிப் பை. இரண்டாவது, முன்னும் பின்னும் சேர்ந்த ஒரே சட்டம், தொட்டில் மாதிரி, துப்பாக்கியைப் படுக்கவைத்துவிட்டால் போதும். மூன்றாவதில் அடியில் தட்டு இருக்கிறது, அதில் எடைக் கல் வைத்தால் உதையை அது வாங்கிக்கொள்ளும், தோளுக்கு வலிக்காது. "வயசானவங்க அதிகமா இதைத்தான் கேக்கறாங்க" என்று பாய் சொல்லிவிட்டு, "உங்களைச் சொல்லல சார்" என்றார். சொன்னால்தான் என்ன, நாற்பத்தெட்டு ஆகிறது. ஆனால் தோள் நன்றாகத்தான் இருக்கிறது. தோளில் ஒன்றுமில்லை. ரெஸ்டு வாங்கச் சொல்லி யார் கேட்டார்கள்? இத்தனை வருடம் எங்களுக்கு ஒரே ரெஸ்டுதான், மணல் மூட்டை. கிழிந்த காக்கி பேண்டின் காலை வெட்டி, பூங்கோதை இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தது. நான் சலித்த மணல் போட்டு வாயைக் கட்டுவேன். மூட்டைமேல் இடது கை, கையின்மேல் துப்பாக்கி. மூட்டை பேருக்குத்தான், தாங்குவது கை. கை கல்லு மாதிரி நிற்கும் என்று ஒரு காலத்தில் எல்லாரும் சொல்வார்கள். டபராவில் டம்ளர் கிணுகிணுத்தது போன மார்கழியில். சின்னச் சத்தம், என்னைத் தவிர யாருமே கவனிக்கவில்லை. குளிர் என்று நினைத்துக்கொண்டேன். தை வந்தது, குளிர் போனது, கை நிற்கவில்லை. அன்றிலிருந்து இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடக்கிறேன். "என்ன ஆர்மரர், பாக்கெட்ல புதையலா?" என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டேன். இப்போதும் அது பாக்கெட்டில்தான் இருக்கிறது, தொடையில் பட்டுப் பட்டுத் துடிக்கிறது. பாய் அங்கே பார்க்கிறாரா? இல்லை, எடைத் தட்டைத் துடைக்கிறார். கை நடுங்குகிற ஆர்மரரை ஆர்மரியில் வைப்பார்களா, வாசல் கேட்டில் நிறுத்தி வருகிற வண்டிக்கு நம்பர் எழுது என்பார்கள். எழுதுகிற கை வலது கைதானே என்று ஆறுதல் வேறு சொல்வார்கள்.

குறி, நாங்கள் சைட் என்போம், பொதுச் சொத்து இல்லை. ஒருவருக்கு நடுவில் விழுவது இன்னொருவருக்கு நாலு விரல் தள்ளி விழும், கண் வேறு, கன்னம் பதிகிற இடம் வேறு. அதனால் யார் சுடப்போகிறார்களோ அவர்களையே சுடவைத்துத்தான் கம்பியைத் திருத்த வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் அது வேண்டியதில்லை. நான் சரிசெய்த துப்பாக்கியைப் பூங்கோதை எடுத்தால் ஒரு நூல்கூட மாறாது. ஹவில்தார் ஜெயசீலன் சொல்வார், ஊரெல்லாம் பத்துப் பொருத்தம் பாத்துத்தான்யா கட்றான், உங்களுக்குப் பதினோராவது பொருத்தமும் அமைஞ்சிருக்கு என்று. அவளுக்கு அதில் ஏகப் பெருமை. எனக்கும்தான். அந்தப் பெருமைதான் எல்லாம் செய்தது. பங்குனித் தேருக்கு அவளைப் பந்தோபஸ்துக்கு அனுப்பிவிட்டார்கள், மூன்று நாள். வந்த மறுநாளே போட்டி. அவளுக்கு நாற்பத்தி நாலு வயது, இதில் இடம் பிடித்தால் மாநில டீம், விட்டால் அடுத்த வருடம் சின்னப் பெண்கள் வந்துவிடுவார்கள். "நீங்களே சுட்டுப் பார்த்து வச்சிருங்க, நான் நேரா வந்து எடுத்துக்கறேன்" என்று போனில் சொன்னாள், பின்னால் நாதஸ்வரம் கேட்டது. சுடுகிற மைதானத்தில் படுத்தேன். மூட்டைமேல் கையை வைத்தேன். முன்கம்பி ஆடியது, இலக்கின் மேல் ஈ உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருப்பதுபோல. மூச்சை அடக்கிப் பார்த்தேன். விரலை மடக்கிப் பார்த்தேன். ஈ போகவில்லை. யாரும் பக்கத்தில் இல்லை. கையை உருவி எடுத்துவிட்டு, மூட்டையை முன்னால் தள்ளினேன், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், பேரலே, அந்த இரும்புக் குழலே, மூட்டைமேல் படுகிற அளவுக்கு. நின்றுவிட்டது. அப்படி ஒரு நிம்மதி. பேரல் எதிலும் படக்கூடாது. புதிதாகச் சேர்ந்தவன் அப்படி வைத்தால் நானே கத்தியிருக்கிறேன். பட்டிருந்தால் சுடும்போது பேரல் உதறிக்கொண்டு எழும், குண்டு மேலே போகும். போனது. மேலே போகிறதே என்று முன்கம்பியை ஏற்றிக் குண்டை நடுவுக்கு இறக்கினேன். அதைக் கையில் பிடித்துச் சுடுகிறவளுக்கு எல்லாம் கீழேதான் விழும் என்று எனக்குத் தெரியாதா? ஒன்றும் தெரியாத பாப்பாவா நான்? தெரியும். ஆனால் ஐந்து ரவுண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்திருந்தது, மார்கழிக்கு அப்புறம் அப்படி விழுந்ததே இல்லை, அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சந்தோஷத்தில் மூளை வேலை செய்யவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே முழு நம்பிக்கையில்லை.

"இதுல கட்டையை உக்கார வச்சுப் பாருங்க" என்று பாய் தொட்டிலைத் தள்ளினார். பார்க்கிறேன் என்றேன். கடிகாரம் பதினொன்று இருபத்தைந்து. வெளியே எங்கேயோ கூழ் ஊற்றுகிறார்கள், ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு. பூங்கோதை இப்போது எங்கே இருப்பாள், மைதானத்து வேப்பமரத்தடியில் நிற்பாளா, காகிதத்தை மடித்து டைரிக்குள் வைத்திருப்பாளா? அன்றைக்குப் போட்டியில் பத்து ரவுண்டும் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்தது. அத்தனை நெருக்கம். அத்தனையும் ஒரு சாண் கீழே. கண் கெட்டவளுக்கு எப்படி ஒரே இடத்தில் பத்து விழும்? யாராவது ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். டீம் இன்ஸ்பெக்டர் யோசித்தார், பாவம். "சைட்டு சரியாம்மா இது?" என்று கேட்டார். நான் நாலடி தள்ளித்தான் நின்றேன். "அவர் வச்ச சைட் சார்" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. "அப்போ ஒரு சாண் மேல பிடிச்சிருக்கலாமே?" "அவர் வச்ச சைட்டுக்கு நான் எதுக்கு சார் மேல பிடிக்கணும்? எனக்குத்தான் என்னவோ தெரியல." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்த பிள்ளை பார்ப்பதுபோல. நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். கல்லுளிமங்கன் மாதிரி நின்றேன். அப்புறம் துப்பாக்கி ஆர்மரிக்கு வந்தது. நான்கு நாள் கழித்துத் தனியாக எடுத்துப் போய், மூட்டையைச் சரியாகக் கட்டைக்கடியில் வைத்து, வலியெடுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டுப் பார்த்தேன். ஒரு சாண் கீழே. ஆடின கையிலும் தெளிவாக, ஒரு சாண் கீழே. அங்கேயே முன்கம்பியைப் பழைய இடத்துக்கு இறக்கிவிட்டேன். திருத்தினேன் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். தடயத்தை அழித்தேன் என்பதுதான் சரியான வார்த்தை, போலீஸ்காரனுக்குத் தெரியாத வார்த்தையா.

சின்ன விஷயம், மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவை நான் மறந்துவிட்டேன். பஸ் கண்டக்டராக இருந்தவர். ஐம்பது வயதில் பஸ்ஸின் படி தெரியாமல் விழுந்தார், அதுதான் ஆரம்பம். கண்ணில் அழுத்தம் என்றார்கள், அவருக்குக் கீழ்ப்பக்கம்தான் முதலில் போனது, அப்புறம் மேலே, கடைசியில் எல்லாம். கடைசி ஏழு வருடம் பூங்கோதைதான் அவர் தட்டில் எங்கே சாதம் எங்கே பொரியல் என்று கையைப் பிடித்துக் காட்டினாள். போட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது, "எனக்கும் கீழ்ப்பக்கந்தாங்க தெரியல" என்றாள், ஏதோ குழாய் ரிப்பேர் என்று சொல்வதுபோல. கண் டாக்டரிடம் போனோம். அழுத்தம் இல்லை, நரம்பு நன்றாக இருக்கிறது, ஒன்றுமில்லை என்றார். எனக்கு உயிர் வந்தது, டாக்டரே சொல்லிவிட்டார், நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் நம்பவில்லை. அப்பாவுக்கும் முதல் வருடம் இப்படித்தான் சொன்னார்கள் என்றாள். அதற்கப்புறம் ஒரு நாள் டீ போட நான் அடுப்படிக்குப் போனால் டப்பாக்கள் எல்லாம் இடம் மாறியிருந்தன. உயரமான டப்பாவில் உப்பு, குட்டையில் சர்க்கரை, ரப்பர் வளையம் போட்டது மிளகாய்த்தூள். எதற்கு என்று கேட்கவில்லை. இன்னொரு நாள் ஹாலில் கண்ணை மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். கட்டிலிலிருந்து கதவுக்கு ஏழு, கதவிலிருந்து அடுப்படிக்குப் பதினொன்று, உதடு மட்டும் அசைந்தது. மேசை முனையில் இடுப்பை இடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே தடவிப் பார்த்து, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். நான் நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் இருப்பது அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம், சாப்பிட்டு முடிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம். அவள் தங்கை வந்துவிட்டுப் போகட்டும். காகிதம் எழுதியபோது பேனாவை மூடி வைத்துவிட்டு, "எழுத்து நேரா இருக்கா பாருங்க" என்று நீட்டினாள். நேராக இருந்தது. இருக்கிறது என்றேன். நாலு மாதத்தில் அவளிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"வைஸையும் பாத்துருங்க சார்." ரப்பர் ஒட்டிய இரண்டு தாடை, நடுவில் நீளத் தொட்டி, ஓரத்தில் எண்ணெய்ப் புட்டி வைக்கக் குழி. துப்பாக்கியை இறுக்கிவிட்டால் பின்பக்கத்திலிருந்து கம்பியை நேராக விட்டுத் துடைக்கலாம், ஆடாது, உள்ளே கீறல் விழாது. நான் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு துடைத்தவன். கயிற்றில் துணியை மாட்டி ஒரே இழுப்பு, பூங்கோதை மறுமுனையைப் பிடித்துக்கொள்வாள், எண்ணெய் வாசனை அவள் கையில் இரண்டு நாள் இருக்கும், பூ வைத்தாலும் போகாது. ரப்பர் நல்ல ரப்பர். இதை வாங்கிவிடலாம். இந்த இரண்டையும் வாங்கிவிட்டால் என் கையை யாரும் பார்க்கப் போவதில்லை. ரெஸ்ட் தாங்கும், வைஸ் பிடிக்கும், ரிட்டையர் ஆகும்வரை ஓட்டிவிடலாம். பூங்கோதை தபால் செக்‌ஷனில் கவர் ஒட்டிக்கொண்டு, கண் எப்போது போகும் என்று காத்துக்கொண்டிருப்பாள். எப்போதும் போகாது. போகாத கண்ணுக்காக அறுபது வயதுவரை, எழுபது வயதுவரை காலையில் எழுந்ததும் ஜன்னல் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் படுத்திருப்பேன். "காரணம்னு ஒரு கட்டம் இருக்குமே சார், அதுல நவீனமயமாக்கல்னு போட்ருங்க, எல்லாரும் அதான் போடறாங்க" என்றார் பாய். நல்ல வார்த்தை. நீளமான வார்த்தை, கட்டம் நிறைந்துவிடும்.

பதினொன்று நாற்பத்தைந்து. பாய் காட்டுவதற்காக ஒரு ஏர்கன்னை எடுத்து மூன்று கால் ரெஸ்டின்மேல் வைத்தார், எதிர்ச் சுவரில் தேதி கிழிக்கிற காலண்டரைக் குறிபார்த்து. "பாருங்க, கை வைக்கவே வேணாம், அப்படியே நிக்குது." குனிந்து பார்த்தேன். நின்றது. தேதியின் நடுவில் முன்கம்பி அசையாமல் நின்றது, கீழே ராகு காலம் என்று பொடியாக அச்சடித்திருப்பதுகூடத் தெரிந்தது. நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். அவசரத்தில் அவர் கட்டையை விட்டுப் பேரலைத் தோல்பையின்மேல் போட்டிருந்தார். "பேரல் படக்கூடாது பாய்." சொன்ன குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "சும்மா காட்டறதுக்குத்தானே சார்." "காட்றதுக்கும் கூடாது. அப்படி வச்சு சைட்டு பார்த்தா, கையில பிடிச்சு சுடறவங்களுக்கு எல்லாம் கீழ விழும். தப்பு தங்களோடதுன்னு நினைச்சுக்குவாங்க." பாய் சிரித்தார். "வெவரம் தெரிஞ்சவங்க யாராவது அப்படி வைப்பாங்களா சார்?" "நான் வச்சேன்" என்றேன். அவ்வளவுதான். இரண்டே வார்த்தை. நாலு மாதமாக வராதது யாரோ ஒரு மனுஷரிடம், ஏர்கன்னுக்கு முன்னால், வந்துவிட்டது. "என் வொய்ஃபோட துப்பாக்கிக்கு வச்சேன்" என்று இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தேன். நகம் கண்ணாடியில் டிக் டிக் என்று அடித்தது. அவர் பார்த்தார். சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "போன் பேசறதுன்னா அந்தப் பக்கம் போங்க சார், சிக்னல் நல்லா இருக்கும்" என்றார், நான் போன் பேசவேண்டும் என்று சொல்லவே இல்லை.

ஜன்னலோரம் போனேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கிறது, இருக்கிறது, இன்னும் இருக்கிறது. இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "சொல்லுங்க, வாங்கிட்டீங்களா?" "கோதை, அந்தப் பேப்பரைக் குடுக்காத." "எந்தப் பேப்பர்?" "அதான், கண்ணு..." "அது அப்பவே குடுத்தாச்சே. பத்தரைக்கு ராகு காலம் வந்துரும்னு பத்து மணிக்கே போய்க் குடுத்துட்டேன். கையெழுத்துகூட ஆயிடுச்சு." பத்து மணிக்கு நான் ரயிலில் இருந்தேன். கடைக்குள் நுழைவதற்கு முன்பே முடிந்துவிட்டது. இவ்வளவு நேரம் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நான் எதைத் தடுத்துக்கொண்டிருந்தேன்? "ஏங்க, இருக்கீங்களா?" இருக்கிறேன் என்றேன். சொன்னேன். மூட்டையைத் தள்ளியதைச் சொன்னேன், பேரலைச் சொன்னேன், முன்கம்பியை ஏற்றியதும் இறக்கியதும் சொன்னேன், முன்னே பின்னே ஆகிவிட்டது, திரும்பவும் சொன்னேன். அந்தப் பக்கம் விசில் சத்தம், யாரோ பெயர் கூப்பிட்டார்கள், அவள் பெயர் இல்லை. "அப்போ என் கண்ணு?" என்றாள். "உன் கண்ணுக்கு ஒண்ணுமே இல்ல கோதை. எப்பவுமே இல்ல." திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "எந்தக் கை?" "இடது." "எப்பலேருந்து?" "மார்கழி." "மார்கழி" என்று அவளும் சொன்னாள். ஏதோ கணக்குப் போட்டதுபோல இருந்தது. அப்புறம் கோபமே இல்லாத குரலில், "நான் கண்ண மூடிக்கிட்டு நடந்து பழகினேனே, நீங்க நாற்காலில உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்றாள். "ஆமா" என்றேன். லைன் கட்டாகவில்லை. அவள்தான் வைத்தாள், மெதுவாக.

மேசைக்குத் திரும்பினேன். பாய் ஏர்கன்னை எடுத்துவிட்டுக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ரெஸ்ட், அந்த வைஸ், இரண்டும் போதும் என்றேன். படிவத்தை விரித்தேன். அவள் தன் கண்ணைப் பற்றி எழுதிக் கொடுத்த அதே ஆபீசுக்குத்தான் இதுவும் போகும், அதே மேசைக்கு, ஒன்றின்மேல் ஒன்றாகக்கூட வைப்பார்கள். கட்டம் காலியாக இருந்தது. இடது கையால் தாளை அழுத்திப் பிடித்தேன், தாளும் சேர்ந்து ஆடியது. 'ஆர்மரரின் இடது கை நடுங்குகிறது. மார்கழி முதல். பூங்கோதையின் துப்பாக்கியில் நேர்ந்த தவறு அவர் கண்ணால் அல்ல, இதனால்.' கட்டத்துக்கு வெளியே போய்விட்டது, கோணல்மாணலாக இருந்தது. "வேற ஃபார்ம் தரட்டுமா சார்?" என்றார் பாய். வேண்டாம், படிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள் என்று அவரிடம் நீட்டினேன்.